எண்ணூறு மீற்றர்

காலை ஆறேகாலுக்கே மெசின் கத்திவிட்டது.
மூன்றாம் பாதை, இருபத்தேழாம் நாள்.
முழங்காலில் நான்.
முகக்கண்ணாடிக்குள் என் மூச்சே எனக்குப் பனி.

இந்த ஓடுபாதையை இரண்டு தரம் போட்டிருக்கிறார்கள்.

முதலில் வெள்ளைக்காரன்.
வீரையும் பாலையும் வெட்டிச் சாய்த்து
கிறவல் பரப்பினான்.
சுமந்தவனுக்கு நாளுக்கு எண்பது சதம்,
மலேரியா இலவசம்.
மீசை முளைக்காத பையன்கள்
கப்பலுக்குக் குறிவைக்கப் படித்தார்கள்.
குளத்து நடுவே ஒரு தெப்பம் மிதந்தது.
அதுதான் யப்பான்.
ஒருவன் கொஞ்சம் தாழப் பறந்தான்.
முதிரைக் கொப்பு அவனை எடுத்துக்கொண்டது.
பதிவேட்டில் 'பயிற்சி' என்று எழுதியிருப்பார்கள்.

அறுபது வருடம் காடு.
இரவில் யானைகள் மட்டும் தரையிறங்கின.

பிறகு பெடியள் வந்தார்கள்.
விளக்கில்லாத புல்டோசர், விடியுமுன் நிறுத்திவிடுவார்கள்.
தறப்பாளும் இலைகுழையும் மூடி
பாகம் பாகமாய் வந்த ஒரு சின்னப் பிளேன்.
அண்ணன் இன்பரூபன் கணக்கில் கெட்டி.
எதிர்க்காற்றைக் கழிக்கப் படிப்பதாக
ஒரேயொரு கடிதம் போட்டான்.
'மேலே இருந்து பார்த்தால்
எங்கட வீடு கவிழ்த்த சிரட்டை மாதிரி.'
பிறகு கடிதம் இல்லை.
பிறகு வீடும் இல்லை.

பெரிய பிளேன்கள் வந்து
பாதையைக் குழி குழியாய்க் கிண்டிவிட்டுப் போயின.
அதை ஓட்டியவர்களும்
எங்கோ ஒரு ஓடுபாதையில்
இரவிரவாய்ப் படித்துத்தான் வந்திருப்பார்கள்.

இன்றைக்குப் பதின்மூன்று சென்ரிமீற்றரில்
துருப்பிடித்த ஒரு வால்.
சுகிர்தமலர் விசில் ஊதினாள்.
எல்லோரும் சிவப்புத் தடிக்கு அப்பால் போனோம்.
பொறுப்பாளர் தியாகேசன் வந்து
மண்ணோடு மண்ணாய்ப் படுத்துப் பார்த்தார்.
கனநேரம்.
பிறகு அவர் தோள் குலுங்கியது.
சிரிக்கிறார்.

பயிற்சிக் குண்டு, பழையது.
உள்ளே மருந்தில்லை, சுண்ணாம்பு.
விழுந்த இடம் வெள்ளையாய்த் தெரிந்தால்
வாத்தியார் மேலே இருந்து புள்ளி போடுவாராம்.
இது உடையவேயில்லை.
எண்பது வருடமாய் ஒருவனுக்கு
புள்ளி வராமல் கிடக்கிறது.
தெப்பமிருந்த குளமோ
இங்கிருந்து அரைக்கட்டை தூரம்.

படிவத்தில் 'எந்தப் போர்' என்று ஒரு கட்டம்.
மெசினுக்கு அது தெரியாது.
குண்டூசி, குண்டு, கச்சான் ரின், விலா எலும்போடு கிடக்கும் பொத்தான்
எல்லாவற்றுக்கும் ஒரே குரல்.
கட்டத்தைத் தாண்டி 'அபாயமற்றது' என்று எழுதினேன்.
எழுத்து கொஞ்சம் கோணிப்போயிற்று.

பத்தரைக்குப் பிளேன்ரீ.
'இனி இங்க இந்தப் பிளேன் மட்டும்தான்' என்றாள் சுகிர்தமலர்.
பழைய பகிடி. சிரித்தோம்.
கோப்பையில் என் விரல்கள் வெள்ளையாய்ப் பதிந்தன.

கிழக்குக் கரையில் இன்னும் எண்ணூறு மீற்றர்.
ஓடி எழும்ப ஒரு பிளேனுக்கு இருபது செக்கன் போதுமாம்.
எனக்கு இரண்டு மாரி வேண்டும்.