ஏழு நொடி மிச்சம்

ரூ என்று எழுதிப் பார்த்தால்
தொகை எழுத மறந்த விலைச்சீட்டு போலிருக்கிறது.
லூசியானாவில், ஹூமா தீயணைப்பு நிலையத்தில்
அதற்கு விலை உண்டு:
நாற்பது நிமிடம், ஒரு முழுக் கை,
அதுவரை ஊரில் எந்த வீடும் பற்றிக்கொள்ளக் கூடாது.

ஜனவரியில் மட்டும் மூன்று போயிற்று.
மாவும் எண்ணெயும் சரிபாதி,
வார்ப்பிரும்புச் சட்டி, மரக்கரண்டி.
வெள்ளை மஞ்சளாகி
மஞ்சள் செம்மண்ணாகி
புளியங்கொட்டையை எட்டப் போகிற நேரம் பார்த்து
மணி அடிக்கும்.
அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஓடுவார்கள்.
இரும்புக்கு அது சொல்லிப் புரியாது.
திரும்பி வந்தால் சட்டி நிறையத் தார்.
தீயணைக்கிற இடத்தில் கருகல் வாடை;
எதிர்வரிசை டயர்க் கடைக்காரன்
ஒரு மாதம் சிரித்தான்.

ரெனெல்லா பீட்ரியின் முன்னங்கையில்
நாணயம் அளவு ஒரு தழும்பு.
பதினோரு வருடம் எரியும் வீடுகளுக்குள் போய்வந்தவள்,
அங்கே எதுவும் படவில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை தெறித்த ரூ அது.

அவள்தான் அந்த வியாழன் கண்ணாடிக் குவளையோடு வந்தாள்.
அளவுக்கோடுகள் பாதி அழிந்த, தடித்த குவளை.
ஈரம் போக இரண்டு முறை துடைத்தாள்.
முக்கால் கப் எண்ணெய், முக்கால் கப் மாவு,
கட்டி தட்டாமல் கலக்கி
மைக்ரோவேவில் வைத்து
ஏழு நிமிடம் அழுத்தினாள்.

கேப்டன் அல்சீட் நாக்கின் செய்தித்தாளை இறக்கவில்லை.
"அது பாப்கார்னுக்கு.
எங்கள் வீட்டில் ரூவை இரண்டு பீரால் அளப்போம்.
இரண்டாவது பாட்டில் காலியானால் பதம்."
"பணி நேரத்தில் பீர் கிடையாது கேப்டன்,"
வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்.
பக்கத்தில் குடமிளகாய், செலரித் தண்டு.

மணி.
கதவைத் திறந்தாள். பெட்டி நின்றது.
2:10 என்று எண்களும் நின்றன.

பேயூ கேனில் ஒரு வீடு.
ஜன்னல் வழியே புகை, தீ இல்லை.
புல்தரையில் பனியனோடு ஒருவர், வெர்டின்,
கையில் மரக்கரண்டி.
டெக்ஸாஸிலிருந்து மகள் கூப்பிட்டாளாம்,
பேரனுக்குப் பல் முளைத்திருக்கிறதாம்.
முப்பத்தைந்து நிமிடம் கிளறியிருந்தேன் என்றார்.
பெரிய மின்விசிறியை வாசலில் வைத்துப்
புகையை வெளியே தள்ளும்வரை
முப்பத்தைந்து, முப்பத்தைந்து
என்றுகொண்டே இருந்தார்.
கேப்டன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.
தலைக்கவசத்தைக் கழற்றினார்.

வந்து பார்த்தால் 2:10 அப்படியே.
நிலையத்துக் கடிகாரங்களில்
காத்திருக்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.
ஆறிப்போனதற்கு மூன்று நிமிடம் கூட்டினாள்.
கடைசியில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை
திறந்து, கிளறி, மோந்து, மூடி,
திடீரென்று
0:07-இல் வெளியே எடுத்தாள்.
அந்தப் பெட்டிக்கு எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.
வெங்காயம் விழுந்ததும் குவளை சீறியது.
கூடம் முழுக்க வறுத்த கொட்டை மணம்.

கேப்டன் இரண்டு கிண்ணம் கம்போ சாப்பிட்டார்.
மூன்றாவதைக் கேட்கும்போது
"சாஸேஜ் நன்றாயிருக்கிறது" என்றார்.
அது கடையில் வாங்கியது.
பிறகு பெட்டியைப் பார்த்தார்.
"ஏழு மிச்சம் வைத்துவிட்டாய்."
"ஆமாம்."
"ம்."

காலையில் பணி மாறும்போது
பெட்டியில் 0:07 இல்லை.
0:19 இருந்தது.
குவளை கழுவிக் கவிழ்த்திருந்தது.
குளிர்பெட்டியில், பாலுக்குப் பின்னால்,
ஜாம் பாட்டிலில் அடர்பழுப்பாய் ஏதோ உறைந்து,
மூடிமேல் ஒட்டிய டேப்பில்
ஊரில் யாராலும் படிக்க முடியாத
கேப்டனின் கோணல் எழுத்தில்
வெர்டின்.