சாவி

செத்துக்கிடந்தவன் குதிரைப்படைக்காரன்.
பூட்ஸை ஃபைட் உருவிக்கொண்டான், சட்டையை நான்.
சேணத்து உறையில் இருந்த கைத்துப்பாக்கியை மட்டும்
நால்வருக்கும் பொது என்று வைத்தோம்.

பேரிக்காய் மரத்தில் பிடி. அதில் மான்கொம்பை
நகத்தைவிட மெலிதாகச் சீவிப் பதித்திருந்தார்கள்.
முயல்கள் எழுந்து நிற்கின்றன.
வேட்டைக்காரனைக் கம்பியில் கோத்து
திருப்பித் திருப்பி வாட்டுகின்றன.
ஒரு முயல் கரண்டியால் அவன்மேல் கொழுப்பு ஊற்றுகிறது.

யோப்ஸ்ட் பட்டாளத்துக்கு முன்னால் சீப்பு அறுத்தவன்.
"கொம்பை வேகவைக்கணும், பிளக்கணும், பாரம் ஏத்தணும்.
ஒரு முயலுக்கு ஒரு நாள்.
காதுக்கு மட்டும் தனியாக அரை நாள்."
விலை என்ன இருக்கும்?
ஆறு எருது, என்றான்.
எங்களுக்கு ஏழு மாதச் சம்பளம் பாக்கி.

எங்களுடையது திரித்துப்பாக்கி,
மழை பெய்தால் வெறும் தடி.
இதற்குத் திரி வேண்டாம், கனல் வேண்டாம்.
உள்ளே ஓர் எஃகுச் சக்கரம், சங்கிலி, வில்.
கடிகாரத்துக்குப் போலச் சாவி கொடுத்துவிட்டால்
விசை தொட்டதும் சுழன்று
கல்லில் உரசிப் பொறி கக்கும்.
மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு
பிரபுவின் பந்திவரை போகலாம்.

சாவியைத் தேடினோம்.
பையில் இல்லை, இடுப்பில் இல்லை.
வாயைக்கூடத் திறந்து பார்த்தான் ஃபைட்.
ஆணியை வைத்து நெம்பினோம், இடுக்கியால் திருகினோம்.
அசையவில்லை.
சரக்கு வண்டிக்காரன் இரண்டு ரொட்டி தருவதாகச் சொன்னான்.
சிரித்து அனுப்பினோம்,
அப்போது சிரிக்க வயிற்றில் ஏதோ இருந்தது.

மூன்றாம் வாரம் பனி. விறகில்லை.
உர்சுலா எங்களைக் கேட்கவில்லை.
எடுத்தாள், அடுப்பில் செருகினாள்.
பேரிமரம் நன்றாகவே எரிந்தது.
கொம்பு பற்றியதும் முடி பொசுங்கும் நாற்றம்,
யோப்ஸ்ட் மட்டும் மூக்கைப் பொத்தவில்லை,
கொஞ்சம் கிட்டப் போய் உட்கார்ந்தான்.

செத்தவன் அதைக் கெட்டித்து வைத்திருப்பான் என்று
எவனுக்கும் தோன்றவில்லை.

சாவி இல்லாமல், சக்கரம் சுழலாமல்
அது சுட்டது.
பானை இரண்டாகப் பிளந்தது.
பார்லிக் கஞ்சி கொட்டி நெருப்பு அவிந்தது.
யாருக்கும் காயமில்லை. எல்லோரும் பட்டினி.
உர்சுலா கையில் வெறும் அகப்பை.

விடிந்ததும் சாம்பலைக் கிளறினேன்.
சக்கரம் கிடைத்தது, சங்கிலி அறுந்து.
விரலால் தள்ளினேன்,
குழந்தை விளையாட்டுச் சாமான் போலச் சுற்றியது.
பக்கத்தில் கருகாத ஒரு சில்லு:
அதே முயல்,
கரண்டியைச் சாய்த்தபடி.
கீழே வேட்டைக்காரன் இல்லை.