பதினேழு மூட்டை

வாரியத்து ஆள் மூன்றாம் மாடி ஏறி வந்து
சாமான் எழுதினான்.
கட்டில் ஒன்று. பீரோ ஒன்று. கிரைண்டர்.
மொட்டைமாடிக்குப் போனவன்
பேனாவை மூடிவிட்டான்.
"இன்னாம்மா இது?"

மீன் வந்த தெர்மாகோல் பெட்டி இருபத்தொன்று,
பெயின்ட் வாளிகள், உடைந்த வாஷ்பேசின்,
யாரோ வீசிய ஹெல்மெட்டில் புதினா.
"செடி" என்றேன்.
"மண்ணு" என்றார் இவர்.

அங்கேயே தொடங்கிவிட்டது.
நாற்பத்து மூன்று வருஷமாக ஒரே சண்டைதான்.
எனக்குக் காய்க்க வேண்டும்.
இவருக்குக் குரோட்டன்ஸ்.
தின்ன முடியாததற்கு எதற்குத் தண்ணீர் என்பேன்,
அதுவும் லாரித் தண்ணீர்,
வரிசையில் நின்று நான் பிடித்து
மூன்று மாடி இவர் சுமந்தது.
"உன்னைக் கட்டிக்கினது துன்றதுக்கா?" என்பார்.

தண்டையார்பேட்டைக்கு வந்த புதிதில்
எங்களுக்கு மண்ணே கிடையாது.
தோண்டினால் உப்பு மணல், கிளிஞ்சல்,
அதற்கும் கீழே கறுப்பாக என்னவோ.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டப் போனவர்
ஒரு சாயங்காலம் டிபன் கேரியரை நீட்டி
"நவநீதம், மேலடுக்கைத் தெற" என்றார்.
அல்வா என்று நினைத்தேன்.
செங்குன்றத்துச் செம்மண்.
லாரி டிரைவரிடம் கெஞ்சி வாங்கியதாம்.
அடுத்த அடுக்கில்
கப்பலில் சிந்திய பட்டாணி நாலு.
எந்தத் தேசத்துப் பட்டாணியோ,
மூன்று முளைத்தது.
சித்திரை வெயிலில் ஒன்றும் நிற்கவில்லை.
நான் அழுததை இன்னும் சொல்லிக் காட்டுவார்.

பிறகு மண்ணை நாங்களே செய்தோம்,
சோறு வடிக்கிற மாதிரி, தினமும்.
டீக்கடைச் சக்கை. முட்டை ஓடு.
வியாசர்பாடித் தொழுவத்துச் சாணம், சைக்கிள் கேரியரில்.
காசிமேட்டு இறால் தலை.
அந்த நாற்றத்துக்கு
எதிர்வீட்டுக் கஸ்தூரி ஆறு மாசம் பேசவில்லை,
கத்தரிக்காய் போனதும் பேசினாள்.

மணலிப் பக்கமிருந்து காற்று வந்தால்
இலையெல்லாம் கரி.
பழைய பனியனை நனைத்து
குரோட்டன்ஸை ஒவ்வொரு இலையாகத் துடைப்பார்.
என் வெண்டையை நானே துடைத்துக்கொள்வேன்.
நான் ஸ்டான்லியில் படுத்திருந்த பதினோரு நாள் மட்டும்
வெண்டையையும் துடைத்திருக்கிறார்.
கேட்டால் இல்லை என்பார்.
இலையைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா.

கட்டிடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள்.
இரண்டு வருஷமாம்.
அதுவரை கொருக்குப்பேட்டையில் ஒற்றை அறை,
ரயில் போனால் டம்ளர் நகரும்,
மொட்டைமாடி ஓனருக்கு.
கறிவேப்பிலை கஸ்தூரிக்குப் போனது.
பள்ளிக்கூட வாட்ச்மேன் குரோட்டன்ஸை
மீன்பாடி வண்டியில் ஏற்றிப் போனான்.
அன்று இவர் சாப்பிடவில்லை.
மண்ணை மட்டும் யாருக்கும் தரவில்லை.

அரிசிக் கோணியில் பதினேழு மூட்டை.
ஒரு முனை இவர், ஒரு முனை நான்,
படிக்கட்டு வளைவுதோறும் இறக்கி வைத்து
மூச்சு வாங்கி, ஒருவரையொருவர் திட்டி,
மறுபடி தூக்கி.
"இன்னா பெருசு, உள்ள இன்னா சரக்கு?"
என்றான் மினி வேன்காரன்.
"சம்பாத்தியம்" என்றார் இவர்.
அதற்கு இருநூறு ரூபாய் கூடக் கேட்டான்.

வந்து சேர்ந்தது பதினாறு.
ஒன்றை எங்கே விட்டோம் என்பதில்
இன்னும் முடிவுக்கு வரவில்லை.

பாதி சுவரோரம், பாதி கட்டிலுக்கு அடியில்.
படுத்தால் வாசம் வரும்,
மழை இல்லாத நாளிலும்.

நேற்று ராத்திரி கூட்ஸ் வண்டி அதிர்ந்து போனதில்
விழித்துக்கொண்டேன்.
கோணித் தையலைப் பிரித்துக்கொண்டு
வெளிறிய கொடி ஒன்று
கட்டில் காலைச் சுற்றி
ஜன்னல் பக்கம் தலையை நீட்டியிருந்தது.
எழுப்பினேன்.
கண்ணாடியைத் தேடிப் போட்டு, டார்ச் அடித்து,
"பீர்க்கு" என்றார்.
"பாகல்."
"உனக்குக் கண்ணு தெரியாது."
"உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு."

கட்டிலை ஒரு பக்கம் இவரும்
மூட்டையை ஒரு பக்கம் நானும்
வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தோம்.
மேலேயிருந்து ஓனர்
தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.