மேல்தளத்தை ஒட்டும் முன்

அலியாகா கடற்கரையில்
காலை ஏழு மணிக்குச் சுடரைப் பற்றவைப்பேன்.
இந்த வாரம் முன் பீரங்கி மேடை.
இரவு ஒன்பதுக்கு மேல் அதே மேடையைச்
சமையலறை மேசையில் ஒட்டுவேன்:
பாகம் பதினான்கு, பதினைந்து,
இடுக்கி நுனியில் அரைச் சொட்டுப் பசை.

ஆம், அதே கப்பல்தான்.
முந்நூற்றைம்பதில் ஒரு பங்கு.
இஸ்மிர் கடைக்காரன் பெட்டியை நீட்டியபோது
சிரித்துவிட்டேன்.
அட்டையில் கொட்டை எழுத்தில்: நாசகாரி.
நாசகாரிக்கே நாசகாரன் நான் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை,
ஐம்பது லீரா குறைத்துக்கொண்டான்.

"ரெஜாயி, பகலெல்லாம் வெட்டு, இரவெல்லாம் ஒட்டு.
கணக்கு என்றைக்கு நேராகும்?"
நெபாஹத் கேட்கிறாள்.
ஆகாது.
அங்கே நாளுக்கு இருபது டன் போகிறது.
இங்கே வாரத்துக்கு ஒரு கைப்பிடிக் கம்பி.
அதுவும் போன செவ்வாய் தெறித்துக்
கம்பளத்துக்குள் போனது.
இருவரும் மண்டியிட்டுத் துழாவினோம்.
கிடைத்தது அவளுடைய தோட்டின் திருகாணி,
மூன்று வருடம் முன்பு தொலைத்தது.
நங்கூரத்துக்குப் பொருந்தும் என்று பார்த்தேன்.
பிடுங்கிக்கொண்டாள்.

சாம்பல் நிறத்தில்தான் தகராறு.
கையேடு ஓர் எண்ணைச் சொல்கிறது.
நான் அதன் விலாவைச் சுரண்டிப் பார்த்தவன்.
பதினொரு பூச்சு, பதினொரு சாம்பல்,
எல்லாவற்றுக்கும் அடியில் செங்காவி.
எந்த வருடத்துச் சாம்பலை அடிப்பது?

பெட்டியில் இல்லாதது
உள்ளே இருப்பவை.
பிளாஸ்டிக் ஓட்டுக்குள் வெறும் காற்று.
நான் உள்ளே போயிருக்கிறேன்,
தொப்பி விளக்கோடு, எண்ணெய் நாற்றத்தில்.
மூன்றடுக்குக் கட்டில்கள்.
ஒன்றில், மேல் தட்டின் அடிப்புறம்,
மல்லாந்து படுத்தவனுக்கு மட்டும் தெரிகிற இடத்தில்
ஆணியால் கீறிய கோடுகள், ஐந்தைந்தாக.
நாற்பத்தேழு.
அதற்குப் பிறகு வீட்டுக்குப் போனானா,
கட்டில் மாறினானா,
ஆணிதான் தொலைந்ததா.
கீழிருந்து மேஸ்திரி கத்தினார்.
சுடரை வைத்தேன்.
இரும்பு வழிந்தது, கோடுகளும் வழிந்தன.

நேற்று மேல்தளத்தை ஒட்ட வேண்டிய நாள்.
ஒட்டவில்லை.
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வெட்டி
ஒரு கட்டில் செய்தேன், மூன்றடுக்கு,
நீளம் ஓர் அரிசி.
பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
ஊசியால் கீறத் தொடங்கினேன்.
நாற்பத்தேழுக்கு இடமில்லை.
ஏழோடு தாள் கிழியப் பார்த்தது.
கட்டிலை உள்ளே இறக்கி
விளிம்பு முழுக்கப் பசை தடவித்
தளத்தை அழுத்திப் பிடித்தேன்,
இருநூறு எண்ணும் வரை.
இனி யாரும் பார்க்க முடியாது, நான் உட்பட.
நெபாஹத் மட்டும்
கப்பலைக் காதருகே வைத்துக் குலுக்கி
"என்னவோ ஆடுகிறதே" என்றாள்.

பின்புறம் முறை வர இன்னும் பத்து நாள்.
உந்துவிசிறி வெண்கலம், நல்ல விலை போகும்.
பெட்டியில் அது கடைசிப் பை,
இன்னும் பிரிக்கவில்லை.
பொன்னிறம் அடி என்கிறது கையேடு.
இருக்கட்டும்.
தண்ணீர் வடிந்து அது வெளியே வரும் அன்று
பார்த்துவிட்டு வந்து அடிக்கிறேன்.