மேல்வரம்பு

ஹனோவரில் நவம்பர் மாலை நாலரைக்கே இருட்டிவிடும்.
டிராமை விட்டிறங்கி ஈரக்குடையோடு,
அடித்தளத்தில் ஆயிரக்கணக்கான கணினிகள் இரையும்
கட்டடத்துக்குள் நுழைகிறேன்.

மலையைக் கெல்லி எலி பிடித்தால் ஊர் சிரிக்கும்.
நான் தேடுவது மலையையேதான்.
உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.
இந்த ஊரையும் புறநகரையும் மூடுமளவு
ஒரு நியூட்ரான் விண்மீன்.
நொடிக்கு அறுபது எழுபது முறை அது சுழலச் சுழல
அதன்மேல் அந்த மேடு
வெளியை உரசிக்கொண்டே இருக்க வேண்டும்,
ஒரே சுருதியில்.

இரண்டு கருந்துளை மோதினால் ஒரு கீச்சு,
மறுநாள் செய்தித்தாள்.
இது நிற்பதே இல்லை,
அதனாலேயே கேட்பதில்லை.
குளிர்பெட்டியின் முனகல் மாதிரி:
அணைந்தால்தான் இருந்தது தெரியும்.

போதாததற்குப் பூமி வேறு.
தானும் சுற்றி, சூரியனையும் சுற்றி,
ஒரு பருவத்தில் சுருதியை மயிரிழை ஏற்றும்,
மறு பருவத்தில் இறக்கும்.
திசைக்கொரு தள்ளாட்டம்.
வானத்தைச் சல்லடையாக்கி
கண்ணுக்கொரு கணக்குப் போடுகிறோம்.

செப்டம்பரில் ஒன்று அகப்பட்டது.
நூற்றுப் பத்தொன்பது ஹெர்ட்ஸ், சொச்சம்.
பதிவு நீள நீள வலுத்தது.
வீப்கே நின்றபடியே திரையைப் பார்த்தாள்.
“யாரிடமும் சொல்லாதே” என்றாள்.
பிறகு தன் பிளம் கேக்கில் பாதியை
தட்டோடு என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.
அதற்குப் பெயர் வைக்கக்கூடாது என்றிருந்தேன்
பதினோரு நாள்.
வைத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள்
பூமியின் தள்ளாட்டத்தைத் துல்லியமாகக் கழித்தோம்.
கூராக வேண்டியது கலைந்தது.
கழிக்காமல் விட்டால்
ஊசியாய் நின்றது.
வானத்திலிருந்து வரும் எதுவும்
அவ்வளவு அசையாமல் நிற்காது.

கடலுக்கு அப்பால், கருவிக்கூடத்தில்,
ஒரு மின்பெட்டியின் பச்சை விளக்கு
கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் துடித்துக்கொண்டிருந்திருக்கிறது.
இணைப்பை யாரோ பிடுங்கினார்கள்.
என் விண்மீன் போயிற்று.

கட்டுரையில் அதற்கு இடமில்லை.
பின்னிணைப்பில் ஓர் எண், பக்கத்தில் “கருவி”.
முடிவுரைக்கு இதைத்தான் எழுதுகிறேன்:
இந்தத் திசையில், இந்தச் சுருதியில்
மலை இருந்தால்
இவ்வளவுக்கு மேல் இராது.

பத்து மாதம் கேட்டதில்
மௌனத்தின் உயரம் மட்டும் அளக்கக் கிடைத்தது.
போன முறையைவிடச் சற்றுக் குட்டை.
அதற்கும் கீழே எங்கோ
அது சுழன்றுகொண்டிருக்கலாம்,
இந்த எண்ணைத் தட்டும் விரலையும்
அணுக்கருவுக்குத் தெரியாத அளவில்
இழுத்து, விட்டு, இழுத்து.

வீப்கே கதவைத் தட்டுகிறாள்.
தட்டு வேண்டுமாம்.