இருபது லிட்டர்

பித்தளைத் தீர்த்த வாளியின் அடியில் ஓட்டை.
மெலிஞ்சியார் சிலுவதாசன் அதை
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
உள்ளே கடுகளவு வானம்.

வள்ளங்களை மந்திரிக்க இன்னும் அரைமணி.
கடியபட்டணம் கரையில் நாற்பத்தொரு வள்ளம்
மூக்கில் செவ்வந்தி மாலையோடு கிடக்கிறது.
"வியாகுலம், ஒனக்க வாளியத் தருவியா?"

எனக்க வாளியா?
சாளை விற்றுத் திரும்பி
நான் சும்மாடுகூட அவிழ்க்கவில்லை.
அடியில் ஒட்டிய செதிள்
உண்டியல் சில்லறைபோல் மினுங்குகிறது.
கோபுரத்துக்கு வெள்ளையடித்த வருஷம்
பெயிண்டர் ஜெபசிங் தந்த காலி வாளி,
விலை ஒரு கூறு நெத்திலி.
கைப்பிடி அறுந்தபோது வலைநூலால் நானே முடிந்தேன்.
அந்த முடிச்சின் தழும்பு உள்ளங்கையில் இருக்கிறது.

சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மோந்தேன். சாளை.
சோப்பு. சாளை.
புளி, எலுமிச்சைத் தோல், கடைசியில் கடற்கரை மணல்.
சாளைதான்.
மெலிஞ்சியார் பொறுமையிழந்தார்:
"போதும் பிள்ளே,
ராயப்பரு என்ன மல்லியப்பூவா வித்தாரு?"

பங்குச்சாமி புதியவர், ரப்பர்க் காட்டுப் பக்கத்துக்காரர்.
வாளிமேல் குனிந்தபோது
மூக்கு ஒரு கணம் தயங்கியது,
ஜெபம் தயங்கவில்லை.
கல்லுப்பு ஒரு பிடி எடுத்து
மந்திரித்துப் போட்டார்.
எனக்குச் சிரிப்பு முட்டியது.
அந்த வாளிக்கா உப்பு?

பிறகு மணி முன்னால் போயிற்று.
பீடச்சிறுவர் இருவர் ஆளுக்கொரு பக்கம் தூக்க
மேலே பட்டுக்குடை.
பட்டுக்குடை!
தினமும் என்னைக் கண்டால்
முந்தானையால் மூக்கை மூடும் டீச்சர் வீட்டு மருமகள்
வாளியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

குருத்தோலையை முக்கி முக்கித் தெளித்தார் சாமியார்.
பதினேழாவது, ஆளில்லாத வள்ளம்.
கார்த்திகையில் போனவன் வரவில்லை,
வள்ளம் வந்தது.
அவன் பெண்டாட்டி அதையும் கழுவி
மாலை போட்டு நிறுத்தியிருந்தாள்.
எல்லாவற்றுக்கும் ஒரு தெளிப்பு, அதற்கு இரண்டு.
யாரும் எண்ணவில்லை.
நான் எண்ணினேன்.

முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் கூடினார்கள்.
மந்திரித்த பாத்திரம், இனி அதில் மீன் போடலாமா?
சக்ரீஸ்தில் இருக்கட்டும், உனக்குப் புதிது வாங்கித் தருகிறோம்.
"புது வாளிக்கு எனக்க உச்சந்தலை தெரியுமா?
அது படிச்சு வருகதுக்குள்ள
எனக்கக் கழுத்து போயிரும்" என்றேன்.
சாமியார் மெலிஞ்சியாரைப் பார்த்தார்.
மெலிஞ்சியார் கடலைப் பார்த்தார்.
"அடியில் கொஞ்சம் தீர்த்தம் கிடக்கிறது,
கால்படாத இடத்தில் ஊற்றிவிடு" என்றார் சாமியார்.
அவ்வளவுதான்.

கால்படாத இடம்.
கிணற்றடியில் குடங்களின் வரிசை,
தென்னை மூட்டில் பிள்ளைகளின் கோலி விளையாட்டு,
மணலில் வலை, வலைமேல் நாய்.
இந்த ஊரில் யாரும் மிதிக்காத ஒரு சாண் தேடி
இருட்டும்வரை நடந்தேன்.
பிறகு சும்மாட்டை அவிழ்த்து
என் தலையிலேயே ஊற்றிக்கொண்டேன்.
சாளை மணத்தது.

விடியுமுன் ஏலம். முக்கால் வாளி சாளை.
திங்கள்சந்தை பஸ்.
"மீனா? பின்னால போ, நாத்தம்.
படியோரமா வை" என்றார் கண்டக்டர்.
எனக்கு இலவசம், வாளிக்கு டிக்கெட் உண்டாம்.
கிழித்துக் கொடுத்தார்.
கைப்பிடி முடிச்சில் செருகிவைத்தேன்.

மணவாளக்குறிச்சி வளைவில் பஸ் சாய்ந்தபோது
மூடியிடுக்கிலிருந்து கொஞ்சம் வெள்ளம் தெறித்து
அவர் காக்கிக் காலில் விழுந்தது.
திட்டிக்கொண்டே துடைத்தார்.
நான் சன்னல் பக்கம் திரும்பி
சிலுவை போட்டுக்கொண்டேன்,
அவருக்காகவும்.