கேசரிப் பவுடர்

இந்த மாதம் தண்ணீருக்கு மட்டும்
நாற்பத்தொரு வெள்ளி கூடுதல்.
யாராவது இரண்டு தடவை குளிக்கிறீர்களா என்று
வீட்டிலிருந்த இரண்டு பேரையும் கேட்டேன்.
அதில் ஒருத்தி நான்.
இன்னொருவன் இனியன்,
அவன் ஒரு தடவை குளித்தாலே அதிசயம்.

மார்சிலிங்கில் எங்கள் புளோக் கடைசி வரிசை.
சமையலறை ஜன்னலில் பாலம் தெரியும்.
லாரிகளின் சிவப்பு விளக்குகள்
நகர்வதாக நடித்துக்கொண்டிருக்கும்.
அதில் ஒன்று அழகுமலையுடையது.
எந்தச் சிவப்பு என்றுதான் தெரியாது.

இரவு ஒன்றரைக்கு,
மின்விசிறியும் நின்ற பிறகுதான் கேட்டது:
பல்லிடுக்கில் யாரோ மூச்சு விடுவதுபோல
மெல்லிய ஒரு இழை.
நான்கு நாளாக ஃபிரிட்ஜின் மேல் பழி போட்டிருந்தேன்.
வாசலுக்குப் போய் டார்ச் அடித்தால்
மீட்டரில் அந்தக் குட்டி முக்கோணம்
தூங்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.
காதைச் சுவரில் வைத்தேன்,
சிங்க் அடியில் வைத்தேன்,
கடைசியில், சொல்லக் கூச்சம்தான்,
கழிவறைத் தொட்டியின் பீங்கானில் வைத்தேன்.
உள்ளே ஒருவர் நிதானமாகச்
செலவு செய்துகொண்டிருந்தார்.

மூடியைத் தூக்கி
ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டேன்.
போன தீபாவளிக்கு வாங்கியது,
ரவை கட்டி தட்டிய அன்றோடு
டப்பியைத் தொடவில்லை.
இருபது நிமிடம் யாரும் போகக்கூடாது என்று
தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன்.
திரும்பி வந்தபோது அதன் கீழே
இனியனின் கையெழுத்து: ஏன்?

பதினோராம் நிமிடமே
வெள்ளைச் சரிவில் இறங்கியது
ஒரு தலைமுடி அகலத்தில்
செம்மஞ்சள் கோடு.
அந்த நேரத்தில் அந்தச் சந்தோஷத்தை
யாரிடம் போய்ச் சொல்ல?
படம் எடுத்து அழகுமலைக்கு அனுப்பினேன்.
ரசமா, என்று பதில் வந்தது
சுங்கச்சாவடி வரிசையிலிருந்து.

அவர் நிற்கிற அதே பாலத்தின் ஓரமாக
பாஸ்போர்ட் இல்லாமல்
முத்திரை இல்லாமல்
கடலைக் கடந்து வருகிற தண்ணீர்.
வந்து, ஏறி,
ஒன்பதாம் மாடியில்
ஒருவர் கையும் நனையாமல்
அப்படியே இறங்கிப் போகிறது.

காலையில் கீழ்க்கடை லிம்
ஏணியிலிருந்து இறங்கவே இல்லை.
பிளாஸ்டிக் பையில் நான் கொண்டுபோன
பழைய ரப்பர் மூடியை மேலிருந்தே பார்த்து
மூன்று வெள்ளி இருபது காசு என்றார்.
இதற்கு ஆள் கூப்பிட்டால்
எண்பது கேட்பான், சிரிப்பான் என்றார்.
ரப்பர் கரைந்து
என் விரல் ரேகையெல்லாம் கறுப்பு,
வாக்குமூலத்துக்குக் கைநாட்டு வைத்ததுபோல.

சங்கிலிதான் படுத்தியது.
நீளமாக விட்டேன்,
மூடிக்கு அடியிலேயே போய்ச் சிக்கிக்கொண்டது.
இழுத்துக் கட்டினேன்,
மூடி உட்காரவே மறுத்தது.
முழங்கை வரை நனைந்து
நான்காம் கண்ணியில் மாட்டியபோது
கொஞ்சம் தொய்ந்து, கொஞ்சம் நின்று
க்ளக் என்று அடைந்தது.
மறுபடி கேசரிப் பவுடர்.
மறுபடி இருபது நிமிடம்.
பிறகு சந்தேகத்துக்கு இன்னும் இருபது.
வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.
அன்று மதியம் அலுவலகத்துக்கு
அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தேன்,
காரணம் என்ற இடத்தில்
குடும்ப விஷயம்.

இரவு இரண்டுக்குச் சாவிச் சத்தம்.
காலணி, பை, இருமல்,
எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தன.
பிறகு ஒன்றுமே இல்லை.
படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.
விளக்குப் போடாமல் கூடத்தில் நின்றவர்
எதையோ தேடுகிறவர்போல
சமையலறைக்குப் போய்
ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார்,
ஓடுகிறதா என்று.